வீட்டிலேயே நெகட்டிவ் ஸ்கேன்: தூசி தட்டுவது முதல் நிறம் திருத்துவது வரை ஒரு முழு வழிகாட்டி

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எடுத்த கல்யாண ஆல்பம் பல வீடுகளில் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது. அதே படங்களின் நெகட்டிவ் எங்கே என்று கேட்டால் பரண், பழைய சூட்கேஸ், பிஸ்கட் டப்பா என்று தேட வேண்டியிருக்கும். ஆனால் மூலப்படம் அந்த நெகட்டிவ்தான். பிரிண்ட் என்பது, கலர் லேபில் ஒருவர் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான படங்களுக்கு நடுவே அதிலிருந்து போட்டுக் கொடுத்த நகல். பிரிண்டில் வெளுத்துத் தெரியும் வேட்டியின் மடிப்பு, இருட்டாகிப்போன பந்தல் மூலையில் நிற்பவரின் முகம் போன்றவை பெரும்பாலும் நெகட்டிவில் அப்படியே இருக்கும். அதனால் ஆல்பத்தைப் போனில் படம் பிடித்து வைப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நெகட்டிவைத் தேடி எடுத்து ஸ்கேன் செய்யுங்கள்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே ஒரு கொள்கையை வலியுறுத்துகிறேன்: ஒரு ரோலுக்கு ஒரே அமைப்பு. ஒரு ரோலில் உள்ள எல்லா பிரேம்களும் ஒரே ஃபிலிம், ஒரே ரசாயனத்தில், ஒன்றாகக் கழுவப்பட்டவை. அவற்றை ஒரே எக்ஸ்போஷரில் (கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு) பிடித்து, ஒரே கணக்கில் பாசிட்டிவாக, அதாவது நேரான படமாக, மாற்றினால், படங்களுக்குள் இருக்கும் உண்மையான வித்தியாசம் மட்டும் மிஞ்சும். மென்பொருளை ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக ஆட்டோவில் விட்டால் என்ன ஆகும் என்பதைப் பட்டுப்புடவை விஷயத்தில் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பிரித்து வையுங்கள்

எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துணி விரித்த மேஜையில் வைத்து வகை பிரியுங்கள். ஆரஞ்சு நிறத்தில் இருப்பவை கலர் நெகட்டிவ். 1972இல் கோடக் கொண்டுவந்த சி-41 என்ற முறையைத்தான் பின்னாளில் ஃபூஜி, கோனிகா, ஆக்ஃபா எல்லோரும் பின்பற்றினார்கள். அதனால் அதற்குப் பிறகு நம் வீட்டுக்கு வந்த கலர் ரோல்கள் பெரும்பாலும் இந்த வகைதான். சாம்பல் நிறத்தில் தெளிவாக இருப்பவை கறுப்பு வெள்ளை. தமிழ்நாட்டு வீடுகள் என்றால் அவற்றில் சில, ஊட்டியில் இயங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' ஃபிலிமாக இருக்கும். ஓரத்தில் உள்ள எழுத்தைப் பாருங்கள். அட்டை அல்லது பிளாஸ்டிக் சட்டத்துக்குள் நேரான நிறத்தில் தெரிபவை ஸ்லைடு.

அளவும் முக்கியம். 35 எம்எம் பிரேம் 24×36 மில்லிமீட்டர். ஆக்ஃபா கிளிக் III போன்ற பெட்டிக் கேமராக்களில் 120 ஃபிலிம் போட்டு 12 சதுரப் படங்கள் எடுத்தார்கள். அந்த நெகட்டிவ் ஒவ்வொரு பக்கமும் சுமார் 56 மில்லிமீட்டர்.

வரிசையாகப் பழையதிலிருந்து தொடங்க வேண்டும் என்றில்லை. கெட்டுக்கொண்டிருப்பதை முதலில் எடுங்கள். உறையைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், அந்த அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அது சுருங்கும், வளையும், நிற்காது. பக்கத்தில் இருக்கும் மற்ற ஃபிலிமையும் அந்த அமில வாயு கெடுக்கும். அவற்றைத் தனியாக எடுத்து, முதல் வேலையாக ஸ்கேன் செய்யுங்கள். 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய 35 எம்எம் ஃபிலிம் கிடைத்தால் மட்டும் கவனம். ஓரத்தில் 'சேஃப்டி' என்ற ஆங்கில எழுத்து இல்லையென்றால் அது எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் ஃபிலிமாக இருக்கலாம். அதைச் சூடான விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகாமல், ஆவணக் காப்பகத்தில் வேலை செய்பவர் யாரிடமாவது கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

சுத்தம் செய்வது

ஸ்கேன் செய்வதற்கு முன் தட்டிவிடும் ஒரு தூசி, பிறகு கணினியில் உட்கார்ந்து அழிக்க வேண்டிய ஒரு புள்ளி. எனவே இதில் நேரம் செலவழிப்பது லாபம்தான். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு உட்கார்ந்தால் பறக்கும் தூசி குறையும். பஞ்சு நூல் உதிராத கையுறை போட்டுக்கொண்டு, ஃபிலிமை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள்.

முதலில் கேமரா கடையில் கிடைக்கும் ரப்பர் புளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி படும். அதற்கும் போகாத தூசியை மென்மையான ஆன்டி-ஸ்டாடிக் பிரஷ்ஷால் ஒரே திசையில் வருடிவிடலாம். கைரேகை, எண்ணெய்க் கறை இருந்தால் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலை லென்ஸ் துடைக்கும் துணியில் ஒன்றிரண்டு துளி விட்டு, அழுத்தாமல் ஒரே இழுப்பில் துடையுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஸ்பிரிட்டில் மீதி தண்ணீர் என்பதால் அது வேண்டாம். முதலில் படம் இல்லாத ஓரத்தில் சோதித்துவிட்டுப் படத்துக்கு வாருங்கள்.

நம் ஊரின் பெரிய எதிரி பூஞ்சைதான். கடலோர ஊர்களில் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி அறுபது சதவீதத்துக்கு மேல்தான் இருக்கும். பூஞ்சைக்கு அது போதும். படம் இருக்கும் அடுக்கு ஜெலட்டினால் ஆனது, அது பூஞ்சைக்கு உணவு. சிலந்தி வலை போல நரம்பு நரம்பாகத் தெரிந்தால் உடனே தண்ணீரில் கழுவத் தோன்றும். அதைச் செய்யவே கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையக்கூடியதாக மாறியிருக்கும். கழுவினால் பூஞ்சையோடு முகமும் போய்விடும். வழுவழுப்பான பின்பக்கத்தை மட்டும் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, படம் இருக்கும் மங்கலான பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். மீதியைக் கணினியில் பார்த்துக்கொள்ளலாம்.

சுருண்டிருக்கும் ஃபிலிமை உறையில் போட்டுக் கனமான புத்தகங்களுக்கு அடியில் சில நாட்கள் வைத்தால் ஓரளவு நிமிரும். அயர்ன் பாக்ஸ் பக்கமே போக வேண்டாம்.

எந்தக் கருவி?

மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, எப்சன் வி600 போன்ற பிளாட்பெட் ஸ்கேனர். அட்டைப்பெட்டியில் 6400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) என்று போட்டிருக்கும், ஆனால் அது உண்மையில் பிரித்துக் காட்டும் நுணுக்கம் அதில் நான்கில் ஒரு பங்குதான். 35 எம்எம் நெகட்டிவுக்கு அது குறைவு. பெட்டிக் கேமராவின் பெரிய சதுர நெகட்டிவுக்குத் தாராளம். இரண்டாவது, பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8200i போன்ற, 35 எம்எம்முக்கு மட்டுமான ஸ்கேனர். சொல்லும் 7200 டிபிஐயில் பாதி அளவு உண்மையாகவே கிடைக்கும், இன்ஃப்ராரெட் தூசி நீக்கமும் உண்டு. ஆனால் ஒவ்வொரு பிரேமாகக் கையால் நகர்த்த வேண்டும். நல்ல தரத்தில் ஒரு ரோல் முடிய ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

மூன்றாவது, டிஜிட்டல் கேமராவும், மிக அருகில் வைத்துப் பிடிக்க உதவும் மேக்ரோ லென்ஸும். 24 மெகாபிக்சல் கேமராவில் 35 எம்எம் பிரேமை முழுதாக நிரப்பிப் பிடித்தால் 6000×4000 பிக்சல் கிடைக்கிறது. டிபிஐ கணக்கில் அது 4200க்கு மேல். ஒரு படத்துக்குச் சில நொடிகள்தான். வீட்டில் ஏற்கெனவே லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா இருந்தால் நான் சொல்வது இதைத்தான். கேமரா இல்லை, இருப்பதும் ஐந்தாறு ரோல்தான் என்றால் தெரிந்தவரிடம் ஒரு பிளாட்பெட்டை இரவல் வாங்குவது போதும். போனில் பிடிப்பது, எந்த நெகட்டிவில் என்ன படம் என்று தெரிந்துகொள்ள நல்ல வழி. அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

ஸ்கேனரில் செய்பவர்கள் ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள். ஸ்கேனரோடு வரும் மென்பொருளில் ஆட்டோ கலர், ஷார்ப்பனிங், கான்ட்ராஸ்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு சேனலுக்கு (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் ஒரு சேனல்) 16 பிட் ஆழத்தில் டிஃப் ஃபைலாக எடுங்கள். வியூஸ்கேன், சில்வர்ஃபாஸ்ட் என்ற ஸ்கேன் மென்பொருள்கள் இரண்டிலும் திருத்தமில்லாத ரா வடிவில் சேமிக்க வழி இருக்கிறது. அதன்பிறகு செய்ய வேண்டியதெல்லாம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

கேமராவில் பிடிப்பது

தேவையானவை: கேமரா, மேக்ரோ லென்ஸ், காப்பி ஸ்டாண்ட் அல்லது கீழ்நோக்கித் திருப்பக்கூடிய டிரைபாட், நெகட்டிவைத் தட்டையாகப் பிடிக்கும் ஒரு ஹோல்டர், எல்இடி பேனல். ஃபுல்ஃபிரேம் கேமராவுக்கு (சென்சார் 35 எம்எம் பிரேம் அளவு) 1:1 பெரிதாக்கும் லென்ஸ் தேவை. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 36 மில்லிமீட்டரைச் சுமார் 23.5க்குள் அடக்க வேண்டும் என்பதால் 0.65 மடங்கு போதும். பழைய மேனுவல் ஃபோகஸ் மேக்ரோ லென்ஸ்கள் இந்த வேலைக்கு அருமையானவை, விலையும் குறைவு.

பணம் செலவழிப்பதாக இருந்தால் லைட்டில் செலவழியுங்கள். சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான எண்) 95க்கு மேல் என்று குறிப்பிட்டிருக்கும் பேனலாகப் பாருங்கள். மலிவான எல்இடியில் சில நிறங்களே குறைவாக இருக்கும். ஃபிலிமில் உள்ள சாயம் அந்த ஒளியில் தவறாகப் பதிவாகிவிட்டால் பிறகு எந்த மென்பொருளாலும் சரியாக மீட்க முடியாது. டேப்லெட் திரையை விளக்காக வைப்பவர்கள் உண்டு. அதில் நெகட்டிவை நேராக வைத்தால் திரையின் பிக்சல்கள் படத்தில் விழும். எந்தப் பேனலாக இருந்தாலும் ஃபிலிம் அதிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். பேனல் மேலுள்ள தூசியும் அப்போது மங்கிவிடும். பிரேமுக்கு வெளியே தெரியும் வெளிச்சத்தைக் கறுப்பு அட்டையால் மறைத்து, அறை விளக்கையும் அணைத்துவிடுங்கள். பக்கவாட்டில் கசியும் வெளிச்சம்தான் பல ஸ்கேன்களை வெளிறவைக்கிறது.

கேமராவும் ஃபிலிமும் துல்லியமாக ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் தெளிவு, மூலையில் மங்கல். இதற்கு எளிய வழி: ஃபிலிம் இருக்கும் இடத்தில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்து லைவ் வியூவில் (கேமராத் திரையில்) பாருங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் சரியான நடுவில் தெரியும்வரை கேமராவைச் சாய்த்துச் சரிசெய்யுங்கள். லெவல் கருவி எதுவும் வேண்டாம்.

ஃபிலிமின் மங்கலான பக்கம் லென்ஸைப் பார்த்து இருக்கட்டும். இப்படிப் பிடித்தால் படம் இடவலமாக மாறிவரும், கணினியில் திருப்பிக்கொள்ளலாம். முடிவில் ஓரத்து எழுத்துகள் நேராகப் படிக்க வந்தால் சரி. தட்டையாக இருக்க வேண்டும் என்று சாதாரணக் கண்ணாடிக்கு அடியில் அழுத்தினால், மழைத் தண்ணீரில் எண்ணெய் விழுந்ததுபோல் வண்ண வளையங்கள் வரும். நியூட்டன் வளையம் என்பார்கள். அதற்கென்று வரும் ஆன்டி-நியூட்டன் கண்ணாடி கிடைத்தால் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஓரத்தைப் பிடிக்கும் ஹோல்டரே மேல்.

அப்புறம் கேமரா அமைப்பு. ரா ஃபைல், ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துவாரம் எஃப்/5.6 முதல் எஃப்/8 வரை. இவ்வளவு அருகில் பிடிக்கும்போது எஃப்/16 வரை மூடினால் தெளிவு கூடாது, குறையும். லைவ் வியூவைப் பெரிதாக்கி ஃபிலிமின் மணல் போன்ற கிரெயின் தெரியும்வரை கையால் ஃபோகஸ் செய்யுங்கள். இரண்டு நொடி டைமர் போடுங்கள். எலெக்ட்ரானிக் ஷட்டரும் எல்இடியும் சேர்ந்தால் சில சமயம் பட்டை பட்டையாக வரும். மெக்கானிக்கல் ஷட்டரும் மெதுவான ஷட்டர் வேகமும் அதைத் தவிர்க்கும்.

எக்ஸ்போஷர்தான் இந்தக் கட்டத்தில் உயிர்நாடி. நெகட்டிவில் அதிக வெளிச்சம் விடும் இடம், இரண்டு பிரேம்களுக்கு நடுவில் உள்ள வெற்று ஆரஞ்சுப் பகுதி. பிரேமைவிடச் சற்று அகலமாக வைத்து, அந்த இடைவெளியையும் சேர்த்துப் பிடியுங்கள். ஹிஸ்டோகிராமில் (இடது இருட்டு, வலது வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) அது வலது ஓரத்துக்கு நெருக்கமாக, ஆனால் எந்தச் சேனலும் ஓரத்தில் முட்டாமல் இருக்கும்படி ஷட்டர் வேகத்தை மாற்றுங்கள். பெரும்பாலும் முதலில் முட்டுவது சிவப்பு. ஆரஞ்சு நிறம் நீல ஒளியைத் தடுப்பதால் நீலச் சேனலுக்குத்தான் வெளிச்சம் பற்றாக்குறை, இரைச்சலும் அங்கேதான் அதிகம். எனவே பயந்து இருட்டாகப் பிடிக்காதீர்கள். சரியான அளவு கிடைத்ததும் மேனுவலில் பூட்டிவிட்டு, அந்த ரோல் முடியும்வரை எதையும் தொடாதீர்கள். இருட்டாகத் தெரியும் பிரேமுக்கும் அதே அளவுதான்.

ரோலின் தொடக்கத்தில் கூடுதலாக ஒரு படம் எடுங்கள்: ஃபிலிம் இல்லாமல் வெறும் விளக்கு மட்டும், எந்தச் சேனலும் முட்டாத எக்ஸ்போஷரில். விளக்கின் நிறத்தை அளக்கவும், மூலைகளில் வெளிச்சம் குறைவதைச் சரிசெய்யவும் இது உதவும்.

ஆரஞ்சை ஏன் வெறுமனே தலைகீழாக்கக் கூடாது

கலர் நெகட்டிவைக் கணினியில் 'இன்வர்ட்' செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், படம் முழுக்க நீலம் அப்பியிருக்கும். ஆரஞ்சின் எதிர்நிறம் நீலம், அவ்வளவுதான் காரணம். ஆனால் அந்த ஆரஞ்சு எதற்காக இருக்கிறது என்று தெரிந்தால் அதை எப்படி நீக்குவது என்பதும் தெளிவாகிவிடும்.

கலர் நெகட்டிவில் மூன்று சாயங்கள் உண்டு: சயான், மெஜந்தா, மஞ்சள். சயான் சாயம் சிவப்பு ஒளியை மட்டும் தடுக்க வேண்டும். நடைமுறையில் அது பச்சையையும் நீலத்தையும் கொஞ்சம் தடுக்கிறது. மெஜந்தாவும் பச்சையோடு நீலத்தையும் சற்றே தடுக்கிறது. இதனால் நிறங்கள் கலங்கிவிடும். இதைச் சமாளிக்க, சாயத்தை உண்டாக்கும் வேதிப்பொருளுக்கே தொடக்கத்தில் ஒரு நிறம் கொடுத்தார்கள். சாயம் உருவாகும் இடத்தில் அந்தத் தொடக்க நிறம் செலவாகிவிடும், உருவாகாத இடத்தில் மிஞ்சி நிற்கும். ஆக, வேண்டாத தடுப்பு படத்தின் இருட்டிலும் வெளிச்சத்திலும் ஒரே அளவாகப் பரவிவிடுகிறது. அந்தச் சீரான மிச்சம்தான் நம் கண்ணுக்கு ஆரஞ்சாகத் தெரிவது.

படம் முழுக்க ஒரே அளவு என்பதால், அதை ஒரே எண்ணால் நீக்கிவிடலாம். ஒவ்வொரு சேனலையும், வெற்று ஆரஞ்சுப் பகுதியில் அந்தச் சேனலுக்கு இருக்கும் மதிப்பால் வகுத்தால் போதும். கழிப்பது அல்ல, வகுப்பது. இடைவெளியைச் சேர்த்துப் பிடியுங்கள் என்று வற்புறுத்தியது இதற்காகத்தான்.

டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் நெகாடாக்டர் என்ற பகுதி இந்தக் கணக்கை ஒழுங்காகச் செய்கிறது. வெறும் விளக்குப் படத்தைக் கொண்டு ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரியச் செய்யும் நிறச் சமநிலை) வையுங்கள். ஃபில்மிக், சிக்மாய்ட் போன்ற டோன் பகுதிகளை அணைத்துவிடுங்கள். நெகாடாக்டரைத் திறந்து கலர் ஃபிலிம் என்று தேர்ந்து, ஃபிலிம் பேஸ் நிறத்தை, அதாவது அந்த வெற்று ஆரஞ்சை, பிரேம் இடைவெளியிலிருந்து எடுங்கள். அப்புறம் டி-மேக்ஸ் (ஃபிலிமின் மிக அதிக அடர்த்தி) மதிப்பைப் படத்தின் பகுதியைத் தேர்ந்து அளக்கவிடுங்கள். படம் நேராகிவிடும். அதன்பின் நிழலின் நிறம், வெளிச்சத்தின் நிறம், கறுப்பு அளவு, பேப்பர் கிரேடு (கான்ட்ராஸ்ட்), பிரிண்ட் எக்ஸ்போஷர் (பிரகாசம்) என்று இருட்டறையில் செய்த அதே வேலைகள் வரிசையாக இருக்கும். லைட்ரூம் வைத்திருப்பவர்கள் நெகட்டிவ் லேப் புரோ என்ற கட்டணச் செருகியைப் பயன்படுத்தலாம். ராதெரபி என்ற மென்பொருளிலும் இதற்கென ஒரு கருவி உண்டு.

ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் கையால் செய்ய விரும்புபவர்களுக்கு வரிசை இது:

1. ரா ஃபைலை எந்த டோன் திருத்தமும் இல்லாமல் 16 பிட் டிஃப்பாக மாற்றி ஜிம்ப்பில் திறங்கள்.
2. இடைவெளியின் ஆரஞ்சை ஐடிராப்பரால் எடுத்து, புது லேயரில் நிரப்பி, அந்த லேயரின் மோடை டிவைட் ஆக்குங்கள். ஆரஞ்சு வெள்ளையாகிவிடும்.
3. லேயர்களை ஒன்றாக்கி இன்வர்ட் செய்யுங்கள். வெளிறிய ஒரு பாசிட்டிவ் கிடைக்கும்.
4. ஓரங்களை வெட்டிவிட்டு, லெவல்ஸில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகத் திறந்து, வலது பக்க முக்கோணத்தை ஹிஸ்டோகிராமின் வலது முனை இருக்கும் இடத்துக்கு நகர்த்துங்கள்.
5. கடைசியாகக் கர்வ்ஸில் கான்ட்ராஸ்ட் கூட்டுங்கள்.

நெகட்டிவ் இயல்பிலேயே கான்ட்ராஸ்ட் குறைந்தது. நிறைய வெளிச்ச வித்தியாசத்தை உள்வாங்கவே அப்படிச் செய்திருக்கிறார்கள். எனவே ஐந்தாம் படிக்கு முன் படம் சப்பென்று இருப்பது தவறு அல்ல.

நிறம் திருத்துவது: பட்டுப்புடவை, ட்யூப் லைட், தோல் நிறம்

இப்போது பட்டுப்புடவைக்கு வருவோம். மென்பொருளின் ஆட்டோ, படம் முழுவதின் சராசரி நிறம் சாம்பலாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலும் வேலை செய்கிறது. அரக்குப் பட்டு, குங்குமம், மஞ்சள், சிவப்புத் துணி போட்ட மணவறை என்று பிரேமை நிரப்பிய கல்யாணப் படத்தில் சராசரியே சிவப்புதான். மென்பொருள் அதைக் குறை என்று நினைத்து எதிர்ப்பக்கம் தள்ளும். புடவை பழுப்பாகும், முகங்கள் சாம்பல் பச்சையாகும். அடுத்த பிரேமில் வெள்ளைச் சுவர் இருந்தால் நிறம் மறுபடி வேறு மாதிரி. ஒரே மேடையில் ஒரு நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள் வேறு வேறு வீட்டில் எடுத்ததுபோல் ஆகிவிடும்.

அதனால் ரோலிலிருந்து ஃபிளாஷ் சரியாக விழுந்த, பல நிறங்கள் கலந்த ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள். அதை மட்டும் பொறுமையாகத் திருத்துங்கள். அந்த அமைப்பை நகலெடுத்து ரோல் முழுவதற்கும் ஒட்டுங்கள். பிறகு ஒவ்வொரு படமாகப் பிரகாசத்தை மட்டும் தொடுங்கள்.

திருத்தும் வரிசை: நிழல் முதலில், வெளிச்சம் அடுத்து, நடு நிறம் கடைசியில். நிழலுக்கு அளவுகோல் கறுத்த தலைமுடி, அதில் எந்த நிறச் சாயலும் இருக்கக் கூடாது. வெளிச்சத்துக்கு வேட்டியைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். ஆனால் நீலம் போட்டு வெளுத்த வேட்டி உண்மையிலேயே சற்று நீலமாக இருக்கும். சலவைப் பவுடரின் ஒளிர்பொருளும் ஃபிளாஷில் அதைக் கூட்டும். அந்த வேட்டியைத் தூய வெள்ளை ஆக்கினால் முகங்கள் மஞ்சளாகிவிடும். வெள்ளைச் சட்டத்துப் போட்டோ, காகிதம், எவர்சில்வர் பாத்திரத்தின் சாம்பல் பகுதி போன்றவற்றோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தோலுக்கு எண்களை நம்புங்கள். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்புதான் உயர்ந்த எண், அடுத்தது பச்சை, நீலம் கடைசி. நீலம் பச்சையைத் தாண்டினால் முகம் ஊதா ஏறியிருக்கிறது. பச்சை சிவப்பை நெருங்கினால் நோயாளி முகம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பிரகாசத்தைக் கூட்டிக் கூட்டி முகத்தை வெளுப்பாக்காதீர்கள். அன்றைய ஸ்டுடியோக்கள் அதைப் போதுமான அளவு செய்துவிட்டன. நெகட்டிவில் பாட்டியின் உண்மையான நிறம் இருக்கிறது, அதை அப்படியே வெளியே கொண்டுவாருங்கள்.

வீட்டுக்குள் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தவை தனி ரகம். சாதாரணக் கலர் ஃபிலிம் பகல் வெளிச்சத்துக்கானது. ட்யூப் லைட்டில் பச்சை ஏறும், குண்டு பல்பில் மஞ்சள் ஆரஞ்சு ஏறும். இந்தப் பிரேம்களுக்கு மட்டும் ரோல் அமைப்பின் மேல் இன்னொரு ஒயிட் பேலன்ஸ் தேவைப்படும். பச்சைக்கு மெஜந்தாவைச் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும். குண்டு பல்பு மஞ்சளை முழுவதும் எடுத்துவிடாமல் கொஞ்சம் விட்டுவைப்பது என் விருப்பம். அந்த அறை அப்படித்தான் இருந்தது.

வெப்பத்தில் பல ஆண்டுகள் கிடந்த ஃபிலிமில் மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. அப்போது நிழலில் ஒரு நிறமும் வெளிச்சத்தில் அதற்கு எதிர்நிறமும் ஏறி நிற்கும். ஒயிட் பேலன்ஸை எப்படி நகர்த்தினாலும் ஒரு முனை கெடும். இதற்கு மருந்து சேனல் வாரியான கர்வ்தான்: நீலச் சேனலின் கீழ் முனையை ஒரு பக்கமும் மேல் முனையை மறுபக்கமும் இழுத்துப் பாருங்கள். முழுதாகச் சரியாகாவிட்டால் கறுப்பு வெள்ளையாக மாற்றி வைப்பதில் தவறில்லை.

தூசியும் கீறலும்

இன்ஃப்ராரெட் வசதி உள்ள ஸ்கேனர்கள் கலர் நெகட்டிவில் தூசியைத் தாமாகவே கண்டுபிடிக்கும். கலர் சாயம் வழியாக இன்ஃப்ராரெட் ஊடுருவிப் போகும், தூசியும் கீறலும் தடுக்கும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகளால் ஆனது, அதுவும் இன்ஃப்ராரெட்டைத் தடுக்கும் என்பதால் அங்கே இந்த வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் கண், மூக்கு எல்லாம் கீறல் என்று நினைத்து அழித்துவிடும். சி-41இல் கழுவும் இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 போன்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம் மட்டும் விதிவிலக்கு. அதில் இருப்பது சாயம்.

கேமராவில் பிடித்தவர்கள், புள்ளியைச் சுற்றியுள்ள பகுதியைக் கொண்டு மறைக்கும் ஹீல் கருவியால் கையால்தான் செய்ய வேண்டும். 100 சதவீதம் பெரிதாக்கி, இடது மேல் மூலையிலிருந்து திரை திரையாக நகருங்கள். முகம், வானம், சுவர் மூன்றிலும் கவனமாக இருங்கள். புடவைப் பூவேலையில் விழுந்த புள்ளிகளை விட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. ஷார்ப்பனிங் எல்லாம் முடிந்தபின்.

செயற்கை நுண்ணறிவால் பழைய படத்தைப் 'புதுப்பிக்கும்' செயலிகள் பற்றி: பூஞ்சை அரித்த சுவரையோ தரையையோ நிரப்ப அவை உதவும். முகத்தில் விடாதீர்கள். இல்லாத தகவலை அவை வேறு முகங்களைப் பார்த்துப் பழகியதிலிருந்து வரைகின்றன. தெளிவான கண் கிடைக்கும், ஆனால் அது தாத்தாவின் கண் அல்ல. மங்கலான உண்மையான முகமே எனக்குப் போதும்.

கறுப்பு வெள்ளையும் ஸ்லைடும்

கறுப்பு வெள்ளை எளிது. கலரை நீக்கி, இன்வர்ட் செய்து, லெவல்ஸ், கர்வ் போட்டால் முடிந்தது. ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவின் மேலேயே பென்சிலால் ரீடச் செய்திருப்பார்கள். அதை அழுக்கு என்று துடைத்துவிட வேண்டாம்.

ஸ்லைடுக்குத் தலைகீழாக்கும் வேலை இல்லை. ஆனால் அடர்த்தி அதிகம் என்பதால் பிளாட்பெட்டில் நிழல்கள் கறுத்துவிடும். கேமராவில் வெளிச்சப் பகுதி முட்டாதபடி ஒரு படமும், நிழலுக்காக இரண்டு ஸ்டாப் (அதாவது நான்கு மடங்கு வெளிச்சம்) கூட்டி ஒரு படமும் எடுத்துப் பிறகு இணைத்துக்கொள்ளலாம். இங்கே மட்டும் பிரேமுக்குப் பிரேம் எக்ஸ்போஷர் மாற்றலாம்.

சேமிப்பு

ரா ஃபைலைத் திருத்தாமல் அப்படியே வையுங்கள், அதுதான் இனி உங்கள் டிஜிட்டல் நெகட்டிவ். 24 மெகாபிக்சல் படம் 16 பிட் டிஃப்பாக இருந்தால் ஒன்றுக்கு 144 எம்பி. 36 படம் கொண்ட ரோலுக்கு ஐந்து ஜிபியைத் தாண்டும். எல்லாவற்றுக்கும் டிஃப் தேவையில்லை. ரா ஃபைலும் திருத்தக் குறிப்பு ஃபைலும் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் மறுபடி எடுக்கலாம். உறவினர்களுக்கு அனுப்ப, பெரும்பாலான திரைகளுக்குப் பொருந்தும் எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் ஜேபெக். மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு சாதனங்களில், அதில் ஒன்று வேறு வீட்டில் அல்லது கிளவுடில். மொத்தப் பிரதிகளும் ஒரே பீரோவில் இருந்தால் ஒரு வெள்ளத்தில் எல்லாம் போகும். சென்னையில் 2015க்குப் பிறகு இதை விளக்க வேண்டியதில்லை.

கேமரா ஸ்கேன் எடுத்த தேதியைத்தான் ஃபைலில் போடும். மாற்றாவிட்டால் 1987 கல்யாணம் போன் கேலரியில் போன வாரத்துப் படங்களோடு கலந்துவிடும். எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியால் ரோல் முழுவதற்கும் ஒரே கட்டளையில் பழைய தேதியை எழுதலாம். பல மென்பொருள்களில் தேதியை மொத்தமாக மாற்றும் வசதியும் உண்டு. மாதம் தெரியாவிட்டால் ஆண்டு மட்டும் சரியாக இருந்தால் போதும். ஃபைல் பெயரை '1987-ரோல்03-14' என்ற வகையில் எண்களை வைத்து அமையுங்கள். யார் யார் இருக்கிறார்கள், எந்த ஊர், எந்த வீடு என்பதையெல்லாம் கேப்ஷன் பகுதியில் தமிழிலேயே எழுதலாம். வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது இதைச் செய்யுங்கள். பெரிய திரையில் படத்தைக் காட்டினால், ஆல்பத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆட்களைக்கூட அவர்கள் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவார்கள். அனுமதி கேட்டு அவர்கள் பேசுவதைப் போனில் பதிவு செய்துகொண்டால் பிறகு நிதானமாக எழுதலாம்.

நெகட்டிவைத் தூக்கிப்போடாதீர்கள். பழைய பிவிசி உறைகளிலிருந்து எடுத்து, பாலிபுரோப்பிலீன் அல்லது அமிலமற்ற காகித உறையில் போடுங்கள். உறை மேல், ஃபைல் பெயரில் உள்ள அதே ரோல் எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஜெல்லின் நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவைத்தோ புதிதாக வாங்கியோ மாற்றுங்கள். வினிகர் வாடை வந்தவற்றை மட்டும் இந்த டப்பாவில் சேர்க்காமல், காற்றோட்டமான தனி உறையில் வேறு இடத்தில் வையுங்கள். டப்பா இருக்க வேண்டிய இடம் பரண் அல்ல, வீட்டில் வெயில் படாத, குளிர்ச்சியான உள்ளறை அலமாரி.